தமிழ், மலாய், ஆங்கிலம், ஈமோஜி: நான்கையும் ஒரே கணினியில் அடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நகல் எடுப்பது, அச்சடிப்பது, தட்டச்சு செய்து கொடுப்பது என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். காலையில் ஒருவர் மலாய் பாரத்தோடு வருவார். அவர் போனதும் தோட்டத்துக் கோயில் தலைவர் தீமிதி நோட்டீஸுக்கு வந்து உட்காருவார். மதியம் வேலைக்கு விண்ணப்பம் எழுத ஒரு பிள்ளை வரும், அது ஆங்கிலம். மூன்றும் ஒரே விசைப்பலகையில்தான். அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஆட்கள் வீட்டில் பெரும்பாலும் விண்டோஸ் கணினிதான் இருக்கிறது, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

தமிழ் அடிக்க என்ன மென்பொருள் வாங்க வேண்டும், அண்ணே?

ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு காலத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும். நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் இங்கே பலருக்குக் கணினித் தமிழின் முதல் வாசல். இன்றைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. திறந்துவிடாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

விண்டோஸில் எப்படித் திறந்துவிடுவது?

செட்டிங்ஸுக்குப் போய் ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’, அதற்குள் ‘லேங்குவேஜ் அண்ட் ரீஜன்’. விண்டோஸ் 10 என்றால் வெறும் ‘லேங்குவேஜ்’ என்று இருக்கும். ‘ஆட் எ லேங்குவேஜ்’ என்பதை அழுத்தித் தமிழைத் தேடுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டின் பெயரோடு பல தமிழ் வரும். எதை எடுத்தாலும் எழுத்து ஒன்றுதான். நான் இந்தியா என்று இருப்பதையே எடுக்கிறேன், மற்ற வசதிகளும் அதோடு சேர்ந்து கிடைப்பதால். நிறுவும் முன்பு ‘டிஸ்ப்ளே லேங்குவேஜ்’ என்ற கட்டத்தில் சரி குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி முழுக்கத் தமிழாக மாறி, பழக்கப்பட்ட பட்டியல் எதுவும் உங்கள் கண்ணுக்கு அகப்படாது.

இதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்திவிட்டுக் கடைக்கு வருகிறார்கள். பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, ‘லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ போய், ‘ஆட் எ கீபோர்டு’ என்பதை அழுத்துங்கள். தமிழ்99, தமிழ் அஞ்சல், தமிழ் ஃபொனெட்டிக் என்று தெரியும். உங்களுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். மூன்றையும் வைத்திருந்தால் மாற்றும்போதெல்லாம் எது வந்து நிற்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

அந்த மூன்றில் எது நல்லது?

வாரத்துக்கு ஒரு முறை பிறந்தநாள் வாழ்த்து எழுதுகிறவர் என்றால் அஞ்சலோ ஃபொனெட்டிக்கோ போதும். இரண்டிலும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும். ஃபொனெட்டிக் சொற்களைப் பரிந்துரைத்துக் காட்டும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அஞ்சலில் நீங்கள் தட்டியதுதான் வரும். ஆசிரியர், கோயில் செயலாளர், சங்கத்தில் அறிக்கை எழுதுகிறவர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்றால் என் பதில் ஒன்றே: தமிழ்99.

காரணம் சொல்கிறேன். ஆங்கில ஒலிவழியில் அடிக்கும்போது நம் மனம் முதலில் ஆங்கில எழுத்தைக் கூட்டுகிறது, அப்புறம்தான் தமிழுக்கு வருகிறது. ல, ள இரண்டும் வேறு வேறு எழுத்து என்பது போய், ‘ஷிப்ட் போட வேண்டிய எல், போட வேண்டாத எல்’ என்றாகிவிடுகிறது. ஷிப்டை மறந்தால் பள்ளி ‘பல்லி’ ஆகும். பிள்ளைகளின் எழுத்துப்பிழையில் பாதி இப்படி வருவதைக் கடையில் கண்ணால் பார்க்கிறேன். தமிழ்99இல் ள என்றால் ளவுக்கு ஒரு விசை, ழ என்றால் ழவுக்கு ஒரு விசை. விரல் தமிழிலேயே யோசிக்கும்.

தட்டும் எண்ணிக்கையும் குறைவு. ‘தோட்டம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99இல் த, ஓ, ட, ட, ம, புள்ளி என்று ஆறு தட்டு. அஞ்சலில் டி, எச், ஓ, ஓ, டி, டி, ஏ, எம் என்று எட்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு தட்டு மிச்சம் என்றால் நாற்பது பக்க ஆண்டறிக்கைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்99 பழக ரொம்ப நாள் ஆகுமா? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் உருவான அமைப்பு இது, பெயரில் வரும் 99 அந்த ஆண்டுதான். மொத்தம் 31 விசை: உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளி ஒன்று. இந்த 31ஐ வைத்தே 247 எழுத்தையும் எழுதிவிடலாம். ஆய்தம் புள்ளி விசையிலேயே ஷிப்டோடு இருக்கிறது.

உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் ஏறக்குறைய எல்லாம் வலது கைக்கு. இடது கையின் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. குறிலுக்கு மேலே நெடில் இருக்கும்: அவுக்கு மேல் ஆ, இக்கு மேல் ஈ, உவுக்கு மேல் ஊ. வலது கையின் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. நாம் அதிகம் எழுதும் எழுத்துகள் அவை, அதனால்தான் விரல் ஓய்வாக நிற்கும் இடத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள். மெய்யை ஒரு கை தட்ட, உயிரை மறு கை தட்ட, இரண்டு கையும் மாறி மாறி ஓடும். உறுமிக்கு வலந்தலை, இடந்தலை என்று இரண்டு பக்கம் இருக்கிற மாதிரிதான் இதுவும்.

எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். தமிழுக்கு மாற்றியதும் அதில் தமிழ் எழுத்து தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள், விரலைப் பார்க்காதீர்கள். தினமும் இருபது நிமிடம் போதும். வீட்டில் உள்ளவர்கள் பெயரை எல்லாம் அடித்துப் பழகுங்கள். நம் பெயர்களில் எல்லா எழுத்தும் வந்துவிடும்.

ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் மேல் வரிசையில் ஷிப்டோடு இருக்கின்றன. ஜாலான், ஜொகூர், ஹாஜி என்று தினமும் எழுதுகிற நமக்கு இவை அடிக்கடி வேண்டும், அதனால் முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள்.

‘அம்மா’ அடித்தால் ‘அமமா’ என்று வருகிறது. எங்கே தவறு?

தமிழ்99இல் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைக்கும். அ, ம, ம, ஆ என்றால் அம்மா. அதேபோல் ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இணைகளிலும் புள்ளி தானாக விழும். ‘சங்கம்’ என்று எழுத ங தட்டிவிட்டுப் புள்ளி தேட வேண்டியதில்லை. ‘மமதை’ போலப் புள்ளி வேண்டாத சொல்லுக்கு முதல் மவுக்குப் பிறகு அ விசையைத் தட்டிவிட வேண்டும்.

ஆனால் எல்லா விசைப்பலகையும் இந்த விதியோடு வருவதில்லை. லினக்ஸில் உள்ள சாதாரணத் தமிழ்99 அமைப்பு எழுத்தை மட்டும் தரும், புள்ளியை நாம்தான் வைக்க வேண்டும். உங்கள் கணினியிலும் ‘அமமா’ என்று வந்தால் நீங்கள் தவறு செய்யவில்லை. இரண்டு மவுக்கு நடுவே புள்ளி விசையைத் தட்டிக்கொள்ளுங்கள், அது எங்கேயும் வேலை செய்யும்.

மொழியை மாற்றுவது எப்படி? சும்மா அடித்துக்கொண்டிருக்கும்போதே தானாக மாறிவிடுகிறதே?

விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த விசைப்பலகை வரும். எது இருக்கிறது என்பது கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும்.

தானாக மாறுவதற்குக் காரணம் இடது பக்கத்து ஆல்ட்டும் ஷிப்ட்டும். அவை இரண்டும் சேர்ந்து அழுந்தினாலும் மொழி மாறும். வேகமாக அடிக்கிறவர்களுக்குக் கை தவறி அழுந்திவிடும். ‘டைப்பிங்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ போனால் இந்தக் குறுக்குவழியை நிறுத்தலாம். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளும் கட்டமும் இருக்கிறது. வேர்டில் தமிழும் எக்ஸலில் ஆங்கிலமும் திறந்து வைத்து வேலை பார்க்கிறவர் அதில் சரி குறி போட்டால் பாதி எரிச்சல் தீரும்.

கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது!

முதலில் கடிகாரப் பக்கம் பாருங்கள். தமிழ் இருந்தால் உள்ளே தமிழ் எழுத்துதான் விழுந்திருக்கும். வெளியே கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. வங்கிக் கணக்கில் மூன்று முறை தவறாக அடித்து முடங்கிப்போய், அழாத குறையாக ஓர் அக்கா வந்தார். காரணம் இதுதான்.

மலாய்க்குத் தனி விசைப்பலகை வேண்டுமா?

ரூமி எழுத்துக்கு வேண்டாம். அதே 26 ஆங்கில எழுத்துதான், மேலே கீழே குறி எதுவும் இல்லை. விண்டோஸில் மலாய் மொழியைச் சேர்த்தாலும் அமெரிக்க விசைப்பலகையைத்தான் கொண்டுவந்து வைக்கும். ஆகவே சேர்க்காமல் இருப்பதே நல்லது, மாற்றும்போது ஒரு தட்டு குறையும். வேர்டு மலாய்ச் சொல்லுக்கெல்லாம் சிவப்புக்கோடு போட்டால், அந்தப் பகுதியைத் தெரிவுசெய்து ‘ரிவ்யூ’ பட்டியலில் மொழியை மலாய் என்று வைத்தால் போதும்.

அட் குறி அடித்தால் மேற்கோள் குறி வருகிறது. விசைப்பலகை பழுதா?

பழுது இல்லை. கணினியில் பிரிட்டன் ஆங்கிலம் சேர்ந்துவிட்டது. அந்த அமைப்பில் இரண்டு குறியும் இடம் மாறியிருக்கும். இங்கே விற்கும் விசைப்பலகைகள் அமெரிக்க அமைப்பில் உள்ளவை. ஆங்கிலத்தின் ‘லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ போய் அமெரிக்க விசைப்பலகையைச் சேர்த்து, பிரிட்டன் உள்ளதை நீக்குங்கள்.

கடைப் பலகைக்குச் சீனமும் வேண்டும். முடியுமா?

முடியும். எளிய சீனத்தைச் சேர்த்தால் மைக்ரோசாஃப்ட் பின்யின் வரும். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடித்துச் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிப்டை ஒரு தட்டு தட்டினால் அதற்குள்ளேயே ஆங்கிலமும் சீனமும் மாறும். ஆனால் ஒரே உச்சரிப்புக்குப் பத்து எழுத்து வரிசையாக நிற்கும். சீனம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடியுங்கள். பலகை மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் தொங்கப் போகிறது.

ஈமோஜி கைப்பேசியில் மட்டும்தானா? கணினியில் எப்படி?

விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். தேடுவதற்கு அப்படியே ஆங்கிலத்தில் சொல்லை அடிக்கலாம், அதற்கு முன்பே ஆங்கில விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள். அகல் விளக்குக்கு ‘தியா’, சேலைக்கு ‘சாரி’ என்று ஆங்கில எழுத்தில் தேட வேண்டும்.

அகல் விளக்கு, சேலை, இந்துக் கோயில் மூன்றும் 2019இல் வந்த தொகுதியில் சேர்ந்தவை. பழைய விண்டோஸ் 7 கணினியில் பார்க்கிறவருக்கு வெறும் கட்டமாகத்தான் தெரியும். தீபாவளி வாழ்த்தை எல்லாருக்கும் அனுப்பும்போது விளக்குப் படத்தை மட்டும் வைக்காமல், சொல்லையும் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். பார்வையற்றவர்கள் கணினியையும் கைப்பேசியையும் வாசிக்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அது ஒவ்வொரு ஈமோஜியின் பெயரையும் உரக்கச் சொல்லும். வரிசையாகப் பத்து விளக்கு வைத்தால் பத்து முறை விளக்கு விளக்கு என்று கேட்க வேண்டும். ஒன்று வைத்தால் போதும்.

மலேசியக் கொடி ஈமோஜி போட்டேன். எம், ஒய் என்று இரண்டு எழுத்து வருகிறதே?

கொடி ஈமோஜி என்பது உள்ளே இரண்டு எழுத்துக் குறிதான்: நம் நாட்டுக்கு எம், ஒய். கைப்பேசி அந்த இரண்டையும் சேர்த்துக் கொடியாக வரைகிறது. விண்டோஸின் ஈமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளே இல்லாததால் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. நீங்கள் அனுப்பியது சரிதான், வாங்குகிறவர் கைப்பேசியில் கொடியாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன்னுடைய ஈமோஜி எழுத்துருவையே கொண்டுவருவதால், அதில் திறந்தால் கணினியிலும் கொடி தெரியும்.

மெர்டேக்கா மாதத்தில் ஒரு வேண்டுகோள். ஈமோஜிக் கொடியைப் பெரிதாக்கி அச்சடிக்காதீர்கள். ஜாலுர் கெமிலாங்கில் 14 கோடு, நட்சத்திரத்துக்கு 14 முனை. ஈமோஜி வரைகிறவர்கள் சின்ன இடத்துக்காகக் கோட்டைக் குறைத்துவிடுவார்கள். தவறான கொடியைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பதைவிடச் சரியான படத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

ஒரு மின்னஞ்சலில் வரி முடிவில் தனியாக ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து நிற்கிறது. என்ன அது?

அது ஒரு சிரிப்பு முகம். அனுப்பியவர் அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டுச் சிரித்திருக்கிறார். அந்த மென்பொருள் அதை ஜே எழுத்தாக மாற்றி, அதற்கு விங்டிங்ஸ் என்ற எழுத்துருவைப் போர்த்திவிட்டது. விங்டிங்ஸில் ஜேயின் இடத்தில் சிரித்த முகம் வரைந்திருக்கும். உங்கள் கணினி அந்தப் போர்வையைக் கண்டுகொள்ளவில்லை, உள்ளே இருந்த ஜே வெளியே வந்துவிட்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த கேள்விக்கும் விடை இதுதான்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிக்கோடு பரவும் முன்பு தமிழ் எழுத்துருக்கள் அந்த ஜே போலத்தான் இயங்கின. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்தும் சில குறிகளும் மட்டும். அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். திரையில் ‘அம்மன் கோயில்’ என்று தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழ். அதிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக வரைந்தார்கள்: டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல முறை. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் வராது. யூனிக்கோடு 1991இல் தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. அதில் க என்றால் எந்தக் கணினியிலும் கதான், எழுத்துரு மாறினாலும் உருவம்தான் மாறும். 2010இல் ஈமோஜிக்கும் அப்படியே இடம் கிடைத்தது, அதனால்தான் இன்றைக்குச் சிரிப்பு முகம் ஜேயாகக் கலைவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவர் குறுந்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறிவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள், சனங்கள் தாமான் வீடுகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டார்கள். தட்டில் இருந்தது அந்தத் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல், குடும்பம் குடும்பமாக. பால்மரம் சீவியவர்கள், செம்பனை வெட்டியவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் என்று அத்தனை பேர் பெயரும் ஊர் கலைந்த பிறகு வேறெங்கும் இல்லை. திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அவர் முகத்தை என்னால் மறக்க முடியாது.

வேர்டில் அந்த எழுத்தின் மேல் சொடுக்கினால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கோப்பில் இருக்கும். அதுதான் துப்பு. பெயர் தெரிந்தால் எந்த முறை என்று கண்டுபிடிக்கலாம், பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யூனிக்கோடு தமிழாக வந்துவிடும். பெரியவரின் பட்டியல் அன்று மாலைக்குள் திரும்பி வந்தது.

மாற்றிய பிறகு ஒரு தரம் உட்கார்ந்து படியுங்கள். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்து மாற்றியிருக்கும், அவை பொருளற்ற எழுத்தாக நிற்கும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

யூனிக்கோட்டில்தான் அடித்தேன். தேடினால் சில சொற்கள் அகப்படவில்லையே?

கண்ணுக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள் தமிழில் சில உண்டு. கால் என்ற துணையெழுத்துக்குப் பதில் ர அடிப்பது முதல் தவறு. ‘பாடம்’ என்பது ‘பரடம்’ என்று உள்ளே போயிருக்கும், சில எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. ஔ என்ற எழுத்தை ஒவும் ளவும் சேர்த்து அடிப்பது இரண்டாவது. ‘ஒளவையார்’ என்று அடித்து வைத்தால் ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்குக் கிடைக்க மாட்டார். மூன்றாவது ஸ்ரீ: ஸவில் தொடங்கும் ஸ்ரீயும் இருக்கிறது, ஶ என்ற வேறொரு எழுத்தில் தொடங்கும் ஶ்ரீயும் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் ஸ்ரீதேவி ஒருத்தியே இரண்டு பேராக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்றை வைத்து, கோப்பு முழுக்க அதையே அடியுங்கள்.

‘கி’ எழுத்தை அழித்தால் க மட்டும் நிற்கிறது. ஏன்?

உள்ளே கவும் இகரக் குறியும் தனித்தனி. பின்னோக்கி அழிக்கும் விசை கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் எடுக்கும். குறியை மட்டும் மாற்றிக்கொள்ள இது வசதிதான். முழு எழுத்தும் போக வேண்டும் என்றால் எழுத்துக்கு முன்னால் போய் டெலிட் விசையைத் தட்டுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் கோயில் செயலாளர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ‘கோயில்’ பார்வைக்கு மூன்று எழுத்து, கணக்குக்கு ஆறு. வெறும் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70 மட்டும். ஓர் ஈமோஜி இரண்டு எழுத்தின் இடத்தை எடுக்கும். அதற்கு மேல் போனால் இரண்டாவது செய்தியாகக் கட்டணம் விழும். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் இந்தக் கவலை இல்லை.

மேக், லினக்ஸ்?

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, அதில் ‘இன்புட் சோர்ஸஸ்’ என்பதைத் திருத்தித் தமிழைச் சேர்த்தால் அஞ்சலும் தமிழ்99உம் இருக்கும். கன்ட்ரோலும் ஸ்பேஸும் தட்டினால் மொழி மாறும். கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் ஈமோஜி. உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸ், கீபோர்டு போய்ச் சேர்க்கலாம், மாற்றுவதற்கு விண்டோஸ் படம் போட்ட விசையும் ஸ்பேஸும். தானாகப் புள்ளி விழ வேண்டும் என்றால் எம்17என் என்ற கூடுதல் தொகுப்பை நிறுவி, அதில் உள்ள தமிழ்99ஐ எடுங்கள்.

அப்பா தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்தவர். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய கை. அவரால் முடியுமா?

அவருக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுத்துச் சிரமப்படுத்த வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய காலத்திலிருந்து வந்த கைப்பழக்கம் அது, எளிதில் மாறாது. என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுங்கள். விரல் பழைய இடத்துக்குத்தான் போகும், திரையில் யூனிக்கோடு விழும்.

பாட்டிக்கு எழுத வராது, ஆனால் நிறையச் சொல்வார். சொல்வதை எழுத்தாக்க முடியுமா?

குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘வாய்ஸ் டைப்பிங்’ எடுத்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இணையமும் மைக்கும் வேண்டும். நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதும். ‘பெரட்டுக்களம்’, ‘வெளிக்காடு’ போன்ற தோட்டத்துச் சொற்களையும், பேச்சில் கலக்கும் மலாய்ச் சொற்களையும் தவறாகப் பிடிக்கும். ஒலிப்பதிவையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பாட்டியின் சொல்லை மென்பொருளுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடாதீர்கள்.

அலுவலகக் கணினியில் எதையும் சேர்க்க விட மாட்டேன் என்கிறார்கள்.

உலாவியில் கூகுள் இன்புட் டூல்ஸ் பக்கத்தைத் திறந்து அங்கேயே அடித்து, வெட்டி ஒட்டலாம். அல்லது கைப்பேசியில் அடித்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

அச்சடிக்கக் கொடுக்கும்போது எப்படிக் கொண்டுவர வேண்டும்?

எழுத்தாகக் கொண்டுவாருங்கள். நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பினால் நான் மறுபடி முழுவதையும் அடிக்க வேண்டும், அப்போதுதான் உபயக்காரர் பெயரில் பிழை நுழையும். வேர்டு கோப்பும் பிடிஎஃப் கோப்பும் இரண்டும் இருந்தால் நல்லது. பிடிஎஃப் செய்யும்போது எழுத்துரு உள்ளேயே சேர்ந்துவிடுவதால் நீங்கள் பார்த்ததையே நானும் பார்ப்பேன். விண்டோஸில் இருக்கும் நிர்மலா என்ற எழுத்துரு அறிவிப்புக்குப் போதும். தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டுமானால் கூகுள் இலவசமாகத் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேர்டின் பழைய பதிப்பில் ஈமோஜி கறுப்பு வெள்ளைக் கோடாகத்தான் விழும், வண்ணம் வேண்டிய இடத்தில் படமாக வைத்துவிடுங்கள்.

அந்தக் கோப்பின் ஒரு பிரதியைக் கோயில் செயலாளரிடமும், இன்னொன்றை இளையவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பெயரில் ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் திருவிழாவுக்கு உபயக்காரர் பட்டியலை முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை, தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு வரலாம்.